சொம்பி இரையை எப்படிக் கண்டுபிடிக்கும்? திருகோணமலைக்காரருக்கான கேள்வி பதில்

சொம்பிக் கதை எழுதுகிறவர்கள், கேம் செய்கிறவர்கள், இரவில் டச் பே கடற்கரையில் இருந்து இதைப் பற்றியே வாதாடுகிறவர்கள் என்று எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சொம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணம், என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆனால் கண், காது, மூக்கு எப்படி வேலை செய்கின்றன, எப்படிச் செத்துப்போகின்றன என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதை விட்டு விலகாமல் யோசித்தால் கதைக்கும் நல்லது, கேமுக்கும் நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொம்பியிடம் பயப்பட வேண்டியது அதன் மூக்குக்கு. ஆகவே திருகோணமலையில் ஒளிய இடம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கத்தால் வீசுகிறது என்பதைத்தான்.

எந்தச் சொம்பியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆளைத் தின்னும் சொம்பியைப் பற்றி. 1968க்குப் பிறகு சினிமா உலகமெங்கும் பரப்பிய வகை இது. ஹெய்ட்டி நாட்டுப் பழைய நம்பிக்கையில் வரும் சொம்பி ஆளைத் தின்னாது. அது மந்திரவாதிக்கு அடிமை வேலை செய்யும் பிணம், இரை தேடவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளமும் பிணத்துக்குள் புகுந்த ஆவிதான். ஆனால் அது கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதிலையும் சரிபார்க்கும். அதற்கு மூளை எங்களைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஹெய்ட்டிச் சொம்பியோடு ஒரு நஞ்சின் கதையும் சேர்ந்தே வரும். டெட்ரோடொட்டொக்சின் என்ற நஞ்சைக் கொடுத்து ஆளைச் செத்தவர் போல ஆக்குகிறார்கள் என்று 1980களில் வேட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். பல விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அந்த நஞ்சு எங்கள் வலையில் படுகிற பேத்தை மீனிலும் உண்டு. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும். ஆனால் ஆளுக்கு நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கலாம். சமைத்தாலும் நஞ்சு போகாது.

இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு விதி: எங்கள் சொம்பிக்கு மனித உடம்பில் இல்லாத உறுப்பு எதுவும் கிடையாது. இருக்கிற உறுப்புகளும் அழுகிக்கொண்டிருக்கின்றன.

செத்த உடம்பில் எந்தப் புலன் முதலில் போகும்?

கண்ணும் காதும். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் விழிவெண்படலம் தெளிவாக இருப்பது கண்ணீராலும் இமை மூடித் திறப்பதாலும்தான். இமைக்காமல் திறந்தபடி கிடக்கும் கண்ணில் சில மணித்தியாலத்திலேயே படலம் காய்ந்து மங்கத் தொடங்கும். பின்னால் இருக்கும் விழித்திரைக்கு ஒட்சிசன் ஏராளமாக வேண்டும். இரத்தம் நின்றால் அது தாக்குப்பிடிக்காது.

காதும் அப்படியே. உட்காதில் இருக்கும் நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் ஒலியை உணர்கின்றன. அவை வேலை செய்ய ஒரு சிறிய மின்னழுத்தம் எப்போதும் இருக்கவேண்டும், அதை வைத்திருப்பது இரத்தோட்டம். இரத்தம் நின்ற சில நிமிடங்களில் அந்த மின்னழுத்தம் விழுந்துவிடும். போன மயிர்க்கலம் மனிதருக்குத் திரும்ப முளைப்பதும் இல்லை. ஆகவே உங்கள் கதையில் சொம்பிக்குக் காது கேட்கவேண்டும் என்றால், கொஞ்சமாவது இரத்தம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கதையில் எங்காவது ஒரு வரியில் காட்டிவிடுங்கள்.

அப்புறம் இலையான். எங்கள் ஊர் வெயிலில் பிணத்தை மொய்க்க அதற்கு அதிக நேரம் வேண்டாம். முட்டையிட அது தேடுவது ஈரமான இடங்களை: கண்ணோரம், மூக்குத் துவாரம், வாய், காது. சூட்டில் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். அதாவது புலன்கள் இருக்கும் வாசல்கள்தான் முதலில் அரிக்கப்படுகின்றன. காகம் இறங்கினால் முதலில் கொத்துவதும் கண்ணைத்தான். வெளியில் திரியும் சொம்பிக்குத் திருகோணமலை மிகக் கொடிய ஊர். கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ அடைபட்டுக் கிடந்த சொம்பிதான் நல்ல புலன்களோடு வெளியே வரும். கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

அப்படியென்றால் மூக்கு மட்டும் ஏன் மிஞ்ச வேண்டும்?

இரண்டு காரணங்கள். மணத்தை உணரும் இழையம் மூக்கு வாசலில் இல்லை. மூக்கறையின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே வரும் மட்டத்தில் ஒளிந்திருக்கிறது. புழு அங்கே போய்ச்சேர நேரம் எடுக்கும். தவிர, உயிரோடு இருக்கும்போது தொடர்ந்து புதுப்பிக்கப்படும் மிகச் சில நரம்புக்கலங்களில் மண நரம்புக்கலமும் ஒன்று.

இரண்டாவது காரணம்தான் பெரியது. கண், காது, தோல் எல்லாம் அனுப்பும் செய்தி முதலில் மூளையின் நடுவில் இருக்கும் தலமஸ் என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்துதான் மேல்மூளைக்குப் போகிறது. மணம் மட்டும் அந்த வழியைக் கேட்பதில்லை. அது நேராக மண மூளைக்கும், பயமும் வெறியும் பிறக்கும் அமிக்டலாவுக்கும் போய்விடுகிறது. சொம்பியின் மூளையில் யோசிக்கும் பகுதி செத்துப்போய், பசியும் ஆத்திரமும் மட்டும் மிச்சம் என்றுதானே எல்லாக் கதையும் சொல்கிறது? அந்த மிச்சத்துக்கு மிகக் குறுக்கு வழி மூக்குத்தான்.

ஒரு மறுப்பையும் சொல்லவேண்டும். 2020இல் கொரோனா வந்த பலருக்கு மணமே தெரியாமல் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உங்கள் கதையில் தொற்று மூக்கு வழியாக வரும் வைரஸ் என்றால், அது மூக்கையே முடக்கிவிடலாம். கடியால் இரத்தத்தில் ஏறும் தொற்று என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

மூச்சு விடாத சொம்பி எப்படி மோப்பம் பிடிக்கும்?

பிடிக்காது. மணத்துகள் காற்றோடு உள்ளே போகவேண்டும், அங்கே சளியில் கரையவேண்டும், அப்போதுதான் நரம்பு உணரும். காற்றை இழுக்காத மூக்குக்கும் காய்ந்த மூக்குக்கும் மணம் இல்லை.

ஆனால் சொம்பி முனகுகிறதே! முனகக் குரல்நாண் வழியாகக் காற்று போகவேண்டும். வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரவேண்டும். ஆகவே முனகும் சொம்பி மோப்பம் பிடிக்கக்கூடிய சொம்பி. சத்தமே போடாமல் நிற்பதுதான் பயங்கரம் என்று பலர் நினைக்கிறார்கள். மூக்கைப் பொறுத்தவரை அது அதிகம் ஆபத்தில்லாதது. முனகலின் நடுவே ஒரு நிறுத்தம் வரும், அதுதான் அது காற்றை உள்ளே இழுக்கும் நேரம்.

மனித மூக்கு நாயின் மூக்கு மாதிரி இல்லையே, அது போதுமா?

நாங்கள் நினைப்பதைவிட அது கெட்டிக்கார மூக்கு. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண உணரிகள் இருக்கின்றன. 2007இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புல்வெளியில் சொக்லேட் மணத்தைக் கோடாக இட்டு, ஆட்களின் கண்ணையும் காதையும் மூடி, கையும் காலும் ஊன்றித் தவழவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டை மோந்துகொண்டே கடைசிவரை போனார்கள். பழகப் பழக வேகமும் கூடியது. எங்களுக்கு வராதது மூக்கின் குறையால் அல்ல, குனிந்து மோந்து பழகாததால். சொம்பிக்கு வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை.

அந்த ஆட்கள் போன விதம் முக்கியம். நேராகப் போகவில்லை, கோட்டுக்கு இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போனார்கள். நாயும் அப்படித்தான், விட்டில் பூச்சியும் அப்படித்தான். மணம் காற்றில் ஒரே சீராகப் பரவுவதில்லை. துண்டு துண்டாகக் கிழிந்து வரும். பட்டவுடன் காற்றை எதிர்த்து முன்னேறுவது, விட்டுப்போனால் பக்கவாட்டில் அலைந்து தேடுவது என்பதுதான் மோப்பம் பிடிக்கும் பல உயிர்களும் கண்டுபிடித்த முறை. சொம்பி தள்ளாடித் தள்ளாடி நடப்பதைக் கால் அழுகியதால் என்று மட்டும் எழுதவேண்டாம். அது தேடிக்கொண்டிருக்கலாம்.

திருகோணமலையில் காற்று எப்படி? எங்கே ஒளிவது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

மே தொடக்கம் செப்ரெம்பர் வரை பெரும்பாலும் கச்சான் காற்று. மேற்கு, தென்மேற்குப் பக்கத்தால் தரையிலிருந்து கடலுக்கு வீசும். மாரியில் வாடை, வடகிழக்கால் கடலிலிருந்து தரைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் பகலில் கடற்காற்று, இரவிலும் விடியலிலும் தரைக்காற்று.

இப்போது கோணேசர் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்ரிக் கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருக்கிறது, அதன் நுனியில் மலை, மலை மேல் கோவில். வடக்கே பேக் பே, தெற்கே டச் பே. ஊர் முழுக்க மேற்கே. கச்சான் காலத்தில் நீங்கள் இராவணன் வெட்டுப் பக்கம் நின்றால் உங்கள் வியர்வை மணம் அப்படியே கடலுக்குப் போய்விடும். கோட்டை வாசலில் ஆயிரம் சொம்பி நின்றாலும் ஒன்றுக்கும் தெரியாது. அவற்றின் நாற்றம்தான் உங்களுக்கு வரும், அதுவே உங்களுக்கு எச்சரிக்கை. அதே இடத்தில் மார்கழி வாடையில் நின்றால் உங்கள் மணத்தை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி. வெளியே போக ஒரே பாதை என்பதால் வாடை காலத்தில் அங்கே போய் ஒளிய நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்கும் இதே கணக்கு. கச்சானில் கடற்கரை நல்லது, வாடையில் உள்நாடு நல்லது. தம்பலகாமத்து வயல்வெளியில் கச்சான் நேரம் நின்றால் கிழக்கே சீனக்குடாப் பக்கம் திரிகிறவற்றுக்கு மணம் போகும்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் சூடான காற்று மேலெழும்புவதால் மணமும் மேலே போய்க் கலைந்துவிடும். இரவில் குளிர்ந்த காற்று நிலத்தோடு ஒட்டி ஊரும், மணமும் அதனோடு ஊரும். மெல்லிய ஈரம் மணத்தைத் தக்கவைக்கும். கொட்டும் மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

ஊருக்குள் ஒழுங்கைகளில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மதிலும் வீடும் காற்றைத் திருப்பிவிடும். ஒரு நுளம்புத்திரியைக் கொளுத்தி நிலத்தில் வைத்து, புகையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதலில் தெருப்பக்கம் போகும், மதிலில் முட்டி அடியோடு ஊர்ந்து திரும்பும், பிறகு மூலையில் சுழன்று அங்கேயே தேங்கி நிற்கும். உங்கள் மணமும் அங்கேதான் தேங்கும். மூலையில் ஒளிய வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

உடம்பில் கருவாடோ அழுகலோ பூசிக்கொண்டால் தப்பலாமா?

எல்லாக் கதையிலும் வருகிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே மணத்துக்குள் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவருக்குக் கருவாட்டு மணம் தெரியாது, வாசலில் வரும் சவர்க்கார மணம் உடனே தெரியும். சொம்பி தன் அழுகலுக்குள்ளேயே வாழ்கிறது. அழுகல் அதற்குப் பின்னணி. அதன் மேல் உங்கள் வியர்வை மட்டும் புதிதாக நிற்கும்.

எறும்பில் இந்தத் தந்திரம் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. செத்த எறும்பிலிருந்து வரும் ஒலெயிக் அமிலத்தை உயிருள்ள எறும்பில் தடவினால், மற்ற எறும்புகள் அதைத் துடிக்கத் துடிக்கத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிணக்குவியலில் போட்டுவிடும் என்று எட்வர்ட் வில்சன் காட்டினார். ஆனால் எறும்பு அந்த ஒரு மணத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறது. மனித மூளை அப்படி இல்லை.

குளிப்பது மேல். அதுவும் வாசனைச் சவர்க்காரம் இல்லாமல்.

சொம்பிக்கு எவ்வளவு தூரத்துச் சத்தம் கேட்கும்?

இரத்தம் ஓடுகிறது, காது வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், எங்களுக்குக் கேட்பது அதற்கும் கேட்கும். ஆனால் கேட்பது வேறு, திசை பிடிப்பது வேறு. பக்கவாட்டில் இருந்து வரும் சத்தம் இரண்டு காதையும் சேரும் நேரத்தில் அதிகபட்சம் ஒரு மில்லிசெக்கனில் முக்கால் பங்குக்கும் குறைவான வித்தியாசம்தான் இருக்கும். அதை வைத்துத்தான் மூளை இடமா வலமா என்று பிடிக்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் சொல்கின்றன. மடல் கிழிந்த சொம்பிக்கு முன்னும் பின்னும் குழம்பும்.

தன் முனகலும் அதற்குத் தடை. நாங்கள் குரல் எழுப்பும்போது நடுக்காதில் இருக்கும் சிறு தசை இறுகி, சொந்தச் சத்தம் காதை அடைக்காமல் குறைத்துவிடும், கூடவே மற்றச் சத்தமும் குறையும். அது முனகும்போது காலெடுத்து வையுங்கள், நிறுத்தும்போது நின்றுவிடுங்கள்.

திசைதிருப்ப வேண்டும் என்றால் பாண் விற்கும் ஓட்டோதான் என் தெரிவு. ஒரே மெட்டைத் தொடர்ந்து பாடும், நகரும், தூரத்திலேயே கேட்கும். ஒருதரம் போட்டு நிறுத்தும் சத்தத்தைவிடத் தொடரும் சத்தத்தின் திசையைப் பிடிப்பது எவருக்கும் எளிது. கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடினால் கூட்டமே கடற்கரைக்கு வந்துவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அசையாமல் நின்றால் அதற்குத் தெரியாதா?

தவளைக்குத் தெரியாது. செத்த பூச்சிகளைச் சுற்றிவரப் போட்டாலும் அவை அசையாவிட்டால் தவளை பட்டினி கிடக்கும். மனிதக் கண் அப்படி அமைந்ததல்ல. ஆனால் மங்கிப்போன கண், கூடவே மேல்மூளை செத்த நிலை என்றால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். மூளையின் பார்வைப் பகுதி சேதமான சிலர், தமக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வழியில் கிடக்கும் பொருளை விலத்தி நடப்பார்கள். பழைய, கீழ்மட்ட மூளைப் பகுதிகள் அசைவையும் தடையையும் அவர்களுக்குத் தெரியாமலே கவனிக்கின்றன. சொம்பிக்கு மிஞ்சும் பார்வை அந்த மாதிரி இருக்கலாம்: முகம் தெரியாது, நிறம் தெரியாது, வெளிச்சத்தின் முன்னால் ஏதோ ஒன்று நகர்வது தெரியும்.

ஆகவே அசையாமல் நிற்பது கண்ணுக்கு நல்ல பதில். காற்று உங்கள் பக்கத்தால் அதற்கு வீசினால், நிற்பதே சாவு.

இரவில் டோர்ச் லைட் அடிக்கலாமா?

வேண்டாம். படலம் மங்கிய கண் உருவத்தைத்தான் இழக்கும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் தெரியும். போதாததற்கு உங்கள் கண்ணும் கெடும்: இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும், ஒரு வெளிச்சத்தில் அது போய்விடும்.

உடம்புச் சூட்டை உணருமா?

குழிவிரியன் பாம்புக்கு முகத்தில் அதற்கென்றே குழி இருக்கிறது, மனிதருக்கு இல்லை. உங்கள் கேமில் விதியை மீறி அந்தச் சக்தியைக் கொடுக்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். தோலின் சூடு ஏறத்தாழ 33, 34 பாகை செல்சியஸ். ஓகஸ்ட் மத்தியானத்தில் எங்கள் ஊர்க் காற்றே அந்தளவுக்கு வந்துவிடும், சுவரும் தாரும் அதைவிடச் சூடு. சூடு பார்க்கும் சொம்பி பகலில் குருடு, விடியப்புறம் மிகக் கூர்மை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் அதற்கு எப்போதும் குழப்பம்தான். அங்கே ஒரு காட்சி வைக்கலாம்.

நுளம்பு மாதிரி எங்கள் மூச்சை மோந்து வருமா?

வராது. நாங்கள் வெளிவிடும் மூச்சில் 4 சதவீதமளவு காபனீரொட்சைட்டு. சுற்றுக் காற்றில் அதன் நூறில் ஒரு பங்கு. நுளம்புக்கு அதை உணரும் உறுப்பு உண்டு. மனித மூக்குக்கு அது மணமே இல்லை.

கடலுக்குள் இறங்கினால்?

சொம்பியின் எல்லாப் புலனும் தோற்கும் இடம் கடல்தான். தண்ணீருக்குள் மனித மூக்கு வேலை செய்யாது. ஒலி தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர், காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம். இரண்டு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம் அத்தனை குறைவதால் திசையே தெரியாது. வள்ளத்து இன்ஜின் சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வருகிற மாதிரி இருக்கும், சுழியோடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது. குடிதண்ணீரை மட்டும் கொண்டுபோங்கள்.

கிண்ணியாப் பாலத்தைக் கடப்பது எப்படி?

2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர் நீளம். ஒதுங்க ஓரிடம் இல்லை, வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் கறுப்பாகத் தெரியும், அமைதியான இரவில் தண்ணீர்ப் பரப்புக்கு மேலே பேச்சுக்குரல்கூட வெகுதூரம் போகும். நல்ல மழையில் கடக்கவேண்டும். மழை மணத்தைக் கழுவும், சத்தத்தை மறைக்கும், பார்வையையும் மங்கவைக்கும். முன்பு மாதிரிப் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடப்பதாக எழுதினால் இன்னும் நல்லது, ஆனால் பாதை ஓட ஆள் வேண்டும்.

ஒன்று கண்டுபிடித்தால் மற்றவை எப்படிச் சேருகின்றன?

அவை ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் வானத்தில் பரந்து பறக்கும். ஒன்று இறங்கினால் பக்கத்தில் பறப்பது அதைப் பார்த்து இறங்கும், அதைப் பார்த்து அடுத்தது. சொம்பிக் கூட்டத்தில் மூக்கு நல்ல நிலையில் இருப்பது ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். மிச்சம் எல்லாம் முனகலின் பின்னாலும் அசைவின் பின்னாலும் போகிறவை. முன்னால் தள்ளாடி வளைந்து வளைந்து போவதைப் பார்த்துவையுங்கள். அதை நிறுத்தினால் கூட்டம் கலையும்.

கோட்டைக்குள் திரியும் மான்கள் என்ன செய்யும்?

கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை, கையில் கொடுத்தாலும் தின்னும். ஆனாலும் மான் மான்தான். அதன் மூக்கும் காதும் எங்களுடையதைவிட மிகக் கூர்மை. ஆபத்து என்று பட்டால் தலையை நிமிர்த்தி, வாலை உயர்த்தி, முன்காலால் நிலத்தைத் தட்டி, கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். சொம்பி மானையும் தின்னும் என்றால் மான் கூட்டம் அவற்றை இழுத்துக்கொண்டு வரும், பக்கத்தில் இருக்கவேண்டாம். ஆளை மட்டும்தான் தின்னும் என்றால் கோட்டைக்குள் அந்த மான்களைவிட நல்ல காவல் கிடைக்காது. எல்லா மானும் தின்பதை விட்டு ஒரே பக்கம் பார்த்தால், மற்றப் பக்கத்தால் வெளியேறுங்கள்.